ஷேக் என்ற ஒரு சொல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியொருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டீச்சர், பத்து நிமிடம் பேசுங்கள், பழைய கதையாக இருக்கட்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவளிடம் பத்து நிமிடம் கொடுத்தால் ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச முடியும். இன்று நான் கொண்டுவந்திருக்கும் சொல் 'ஷேக்'. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சின்னச் சொல்.

நான் தெமோதரையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது ஒரு மருந்துப் போத்தலில். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வீட்டுப் போத்தலைக் கழுவிக் கொண்டுபோனால் அதில் கலவை மருந்து ஊற்றி, ஒரு சீட்டு ஒட்டித் தருவார்கள். அந்தச் சீட்டில் 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று இருக்கும். எங்கள் வீட்டில் அதை வாசிக்க ஆள் இல்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா அந்தப் போத்தலைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அலுங்காமல் குலுங்காமல் எடுத்து ஊற்றினார். முதல் இரண்டு நாள் மேலே தெளிந்து நின்ற தண்ணீர்தான் பிள்ளைக்குப் போனது. காய்ச்சல் விடவில்லை. மூன்றாம் நாள் அடியில் தங்கியிருந்த மண்டி மொத்தமாக வந்து விழுந்தது. அன்று இரவு அவன் எடுத்த வாந்தியில் அவனை இழந்துவிட்டோம் என்றே நினைத்தோம். தம்பி பிழைத்தான். இன்று பேரப்பிள்ளை கண்டவன்.

அப்போது நான் இந்தப் பாடசாலையில் சேர்ந்து சில மாதங்கள்தான். தெமோதரையில் ரயில் ஏறி வருவேன். ஏறிய நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகும் ரயில் அது. மலையைச் சுற்றி இறங்கி, உடுவரை, ஹாலிஎல தாண்டிப் பதுளைக்கு வரும். அந்தப் பாதை பதுளையை எட்டியது 1924இல். நம் பாடசாலைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். போத்தல் சீட்டை உரித்துக் கொண்டுவந்து எங்கள் ஆங்கில டீச்சரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கரும்பலகையில் அந்த நான்கு சொல்லையும் எழுதி, "தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் இன்றைக்குப் போய் உங்கள் லயத்தில் உள்ள போத்தல்களை வாசித்துச் சொல்லுங்கள்" என்றார். அந்த வாரம் எங்கள் லயத்துப் பன்னிரண்டு காம்பராவிலும் மருந்துப் போத்தலைக் குலுக்கிக் காட்டியவள் நான்தான்.

மறுநாள் டீச்சர் அந்தச் சொல்லையே பாடமாக்கினார். காற்றில் மரம் அசைகிறது. கூதலில் உடம்பு நடுங்குகிறது. ரயில் குலுங்குகிறது. ரயில் போகும்போது பாலம் அதிர்கிறது. கொய்யா மரத்தை உலுக்குகிறோம். மழையில் நனைந்த கம்பளியை உதறுகிறோம். தமிழில் ஆறு வினைகள். ஆங்கிலத்தில் ஆறுக்கும் 'ஷேக்' ஒன்றே போதும். "இங்கிலீஷ் சுலபம் என்று நினைக்காதீர்கள். ஒரே சொல்லுக்குள் ஆறு பேர் குடியிருந்தால் யார் கதவைத் திறக்கிறார் என்று பார்க்க வேண்டும்" என்றார்.

பிறகு நானே ஆசிரியையாகி அகராதியைப் புரட்டியபோது அந்த வீட்டில் இன்னும் பலர் இருப்பது தெரிந்தது. பாலைக் கலக்கி அடித்தால் மில்க் ஷேக். மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஒரு சுரத்தை நடுக்கிப் பாடுவதற்கும் பழைய பெயர் ஷேக்தான். நம் கர்நாடக சங்கீதத்தில் கமகங்களில் ஒன்றான கம்பிதத்துக்கும் நடுக்கம் என்பதுதானே பொருள்? தச்சர்களுக்கு ஷேக் என்றால் மரத்துக்குள் ஓடும் வெடிப்பு. வட அமெரிக்காவில் கூரை வேயப் பிளந்தெடுக்கும் மரப்பலகைக்கும் அதே பெயர். கனடாவிலிருந்து வந்திருக்கும் தங்கைமார் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்குட்டி இரண்டு தரம் வாலை ஆட்டும் நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று ஆங்கிலேயர் சொல்வதுண்டு. அணுகுண்டு செய்த விஞ்ஞானிகள் அந்தப் பேச்சை எடுத்து, ஒரு செக்கனைப் பத்துக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்குக்கு 'ஷேக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது ஓர் இலக்கண விஷயம். நிலம் தானாக ஆடினாலும் ஷேக், நாம் மரத்தைப் பிடித்து ஆட்டினாலும் ஷேக். ஆடுவதும் ஆட்டுவதும் ஆங்கிலத்துக்கு ஒன்று. தமிழ் அப்படி விடாது. ஆடு, ஆட்டு. அசைந்தது, அசைத்தது. குலுங்கு, குலுக்கு. தன்வினை, பிறவினை என்று தமிழ் டீச்சர் பிரம்போடு நின்று படிப்பித்தது நினைவிருக்கும். குலுங்கியவர் யார், குலுக்கியவர் யார் என்று தமிழில் கேட்காமல் ஒரு வசனம் எழுத முடியாது.

எங்கள் மக்களுடைய கதையையும் இந்த இரண்டு வினையை வைத்துச் சொல்லிவிடலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பெரியவர்கள் கைகுலுக்கினார்கள். குலுங்கியது எங்கள் லயம்.

என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளுடைய குடும்பத்துக்கும் இந்தியா என்று விழுந்தது. அவளுடைய கடைசி நாள் வகுப்பில் டீச்சர், பயிற்சியாகவும் பரிவாகவும், "டூ யூ வாண்ட் டு கோ?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

இங்கே இன்னொரு பாடம் இருக்கிறது. ஆங்கிலக் கதையில் ஒருத்தி தலையை 'ஷேக்' பண்ணினாள் என்று வந்தால் 'மாட்டேன்' என்று அர்த்தம். அதை அப்படியே 'தலையாட்டினாள்' என்று தமிழில் எழுதினால் 'சரி' என்று ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? மொழிபெயர்ப்பில் நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தப் பிழையை விட்டு அடி வாங்கியிருக்கிறோம்.

அதனால்தான் டீச்சர் கேட்டார்: "இது இங்கிலீஷ் ஆட்டலா, தமிழ் ஆட்டலா?" வகுப்பு முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பதில் சொல்லவில்லை. அந்த வாரமே தெமோதரை ரயில் நிலையத்தில் ட்ரங்குப் பெட்டி, பாய்ச்சுருட்டு, அம்மிக்குழவியோடு அவர்களை ஏற்றிவிட்டோம். தலைமன்னார் போய், கப்பல் ஏறி, இராமேஸ்வரம்.

நாலைந்து வருடம் கழித்து நீலகிரி கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலையாம். அங்கேயும் கூடை, அங்கேயும் கொழுந்து. அங்கே இவர்களைச் சிலோன்காரர் என்கிறார்களாம். கடைசி வரியில் எழுதியிருந்தாள்: "டீச்சரிடம் சொல்லு, அன்றைக்கு நான் ஆட்டியது இங்கிலீஷ் ஆட்டல்."

அந்தக் கடிதத்தை டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

எங்கள் குடும்பம் இங்கேயே நின்றது. ஆனால் நாடற்றவர் என்ற சொல் முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். ஐம்பத்தைந்து வருடம். தலைமுறைக் கணக்கில் பார்த்தால் பாட்டி, அம்மா, மகள்.

கடைசியாக ஒரு பொருளைச் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்கர் பேச்சில் 'ஃபேர் ஷேக்' என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு என்று பொருள். இதை முதலில் படித்தபோது எனக்கு அம்மாவின் மருந்துப் போத்தல்தான் ஞாபகம் வந்தது. குலுக்காத போத்தலில் மேலே இருக்கிறவனுக்கு வெறும் தண்ணீர், அடியில் இருக்கிறவனுக்குத் தாங்க முடியாத மண்டி. குலுக்கினால்தான் ஒவ்வொரு கரண்டிக்கும் மருந்து ஒரே அளவாய்ப் போகும். எங்கள் டீச்சர் செய்தது அதைத்தான். தோட்டத்துப் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை, கிளாக்கர் பிள்ளை என்று பார்க்காமல் வகுப்பைக் கலக்கி உட்காரவைத்தார்.

அக்காமாரே, தங்கைமாரே, இன்றைக்கும் அதே ரயிலில் அதே சுரங்கத்தினூடாகப் பிள்ளைகள் நம் பாடசாலைக்கு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. கட்டடத்துக்குக் காசு தருகிறீர்கள், அதற்கு நன்றி. அதோடு மாதம் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் ஒரு பிள்ளையோடு ஆங்கிலம் பேசுங்கள் என்று கேட்கிறேன். லண்டனில் இருந்தாலென்ன, டொரொன்டோவில் இருந்தாலென்ன, பண்டாரவளையில் இருந்தாலென்ன. விரும்புகிறவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பெயர் கொடுங்கள். கொப்பி கொண்டுவந்திருக்கிறேன்.

சம்மதமானவர்கள் இப்போது தலையை ஆட்டலாம். தமிழ் ஆட்டலாக இருக்கட்டும்.