மலைச்சாலையில் நான்கு தோட்டங்கள்



ஊட்டி தாவரவியல் பூங்காவின் வேலை 1848-இல் தொடங்கியபோது நீலகிரி கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1868-இல்தான் அது பிரிந்து போனது. அதனால் அந்தப் பூங்காவை நம் மாவட்டத்துப் பழைய தோட்டம் என்றே நினைத்துக்கொள்வேன். சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் நம்மவர்கள் மேட்டுப்பாளையம் சாலையைப் பிடிக்கிறார்கள். மலர்க் கண்காட்சியில் பூத்தொட்டிகளுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தொட்டிச் செடிகள் அந்தந்த ஆண்டுக்கு வளர்ப்பவை. சீசன் முடிந்தால் போய்விடும். பெருமளவு மாறாமல் நிற்பது தோட்டத்தின் வடிவம். சரிவை எப்படிப் படியாக்கினார்கள், தண்ணீரை எங்கே திருப்பினார்கள், எந்த மரத்தை எந்த மேட்டில் வைத்தார்கள் என்பதெல்லாம் அந்த வடிவத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கப் போங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் அப்படிப் பார்க்கும் வழக்கம் உண்டு. வசந்தம் வந்ததும் குடும்பம் குடும்பமாகப் பழைய தோட்டங்களுக்குக் கிளம்புவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் லான்ஸ்லாட் பிரவுன் என்ற தோட்டக் கலைஞர், கோடு போட்டது போன்ற பாத்திகளையும் கத்தரித்த வேலிகளையும் எடுத்துவிட்டு, வளைந்து செல்லும் புல்வெளி, ஏரி, கொத்துக் கொத்தாக மரங்கள் என்று பிரபுக்களின் நிலங்களையே மாற்றி அமைத்தார். மாடுகள் தோட்டத்துக்குள் வராமல் இருக்கப் பள்ளத்துக்குள் மதில் கட்டுவார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் மதில் தெரியாது. தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஒரே வெளியாகத் தெரியும். ஸ்டவர்ஹெட் என்ற இடத்தில் ஹென்றி ஹோர் என்ற வங்கிக்காரர் நீரோடையை மறித்து ஏரி கட்டி, கரையைச் சுற்றிச் சிறு கோயில்களை எழுப்பினார். ஏரியைச் சுற்றி நடக்க நடக்க ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புதுக் காட்சி தெரியும். மனிதன் செய்தது என்று தெரியாதபடி செய்வதுதான் அந்தக் கலை.

அந்தக் கலை நம் மலைக்கு ஏறி வந்த வழி கோயமுத்தூர்தான். 1819-இல் இங்கே கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறினார். ஊட்டியில் கல் வீடு கட்டினார். ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சொந்த ஊர்க் காய்கறியும் பூவும் வேண்டியிருந்தது. 1840-களில் பணம் திரட்டி ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்கள். அந்த முயற்சிதான் வளர்ந்து அரசின் தாவரவியல் பூங்காவானது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகப் போனால் ஒரே சாலையில் நான்கு தோட்டங்கள். மலையடியில் கல்லாறு அரசு பழப்பண்ணை, 1900-இல் தொடங்கியது. யானைகள் நடமாடும் இடம் என்பதால், உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அடுத்தது பர்லியாறு. அதைத் தொடங்கியவரும் ஒரு கோயமுத்தூர் கலெக்டர்தான், ஈ.பி. தாமஸ். 1871-இல் அரசு வாங்கியது. மங்குஸ்தானும் ஜாதிக்காயும் ஈரத்தில் செழித்து நிற்கும்.

குன்னூர் சிம்ஸ் பூங்கா வேறு ரகம். சென்னை அரசின் செயலாளராக இருந்த ஜே.டி. சிம் 1874-இல் மேஜர் முர்ரே என்பவருடன் சேர்ந்து உருவாக்கியது. அங்கே நிலத்தைச் சமப்படுத்தவில்லை. இருந்த பள்ளத்தாக்கை அப்படியே தோட்டமாக்கினார்கள். சாலையோர வாசலில் நின்றால் மரங்களின் உச்சி கண்ணுக்கு நேராக இருக்கும். வளைந்து வளைந்து இறங்கினால் அதே மரங்களின் அடியில் போய் நிற்பீர்கள், கீழே குளம். இங்கிலாந்துத் தோட்டக் கலைக்கு மிக அருகில் வரும் இடம் இதுதான் என்பது என் கருத்து. ஊட்டிக்குப் போகும் அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு காலைப்பொழுதை முழுதாக இதற்கு ஒதுக்கலாம்.

ஊட்டிப் பூங்காவை வடிவமைத்தவர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர். லண்டன் கியூ தோட்டத்தில் பயின்றவர். அவர் வந்தபோது தொட்டபெட்டாவின் அந்தச் சரிவில் மேலே காடு, கீழே சதுப்பு, நடுநடுவே ஓடை அறுத்த பள்ளங்கள். சதுப்பை வடித்து, சரிவைப் படிகளாக்கி, பாதை போட்டு முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று வாசலில் விரியும் பெரிய புல்வெளி அந்த உழைப்பில் வந்தது. அங்கேயே நின்றுவிடாமல் மேலே ஏறுங்கள். இத்தாலியத் தோட்டத்தைத் தாண்டினால் கூட்டம் குறையும். தக்கை மரம், காகிதம் போல் பட்டை உரியும் மரம், குரங்கும் ஏறத் தயங்கும் முள்ளிலைகள் கொண்ட மங்கி பஸில் மரம் என்று ஒவ்வொன்றும் ஒரு தூர தேசத்திலிருந்து வந்தது. இரண்டு கோடி ஆண்டு பழமையானது என்று சொல்லும் கல்மரமும் உண்டு. உயரத்திலிருந்து திரும்பிப் பார்த்தால்தான் மெக்ஐவர் மனதில் இருந்த தோட்டம் புரியும். எதிர்மலையையும் சேர்த்துத்தான் அவர் வரைந்திருக்கிறார்.

இன்னும் மேலே போனால் தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. இந்தத் தோட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைப் புல்வெளியில் எருமை மேய்த்தவர்கள் அவர்கள். அங்கே நிற்கும்போது இந்த அழகுக்கு மலை கொடுத்த விலையையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அலங்காரத்துக்கும் விறகுக்கும் கொண்டுவந்த செடிகளும் மரங்களும் வேலிக்குள் நிற்கவில்லை. யூக்கலிப்டஸும் சீகை மரமும் சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கின. உண்ணிச்செடியும், ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூப் புதர்களும் இன்றும் பரவிக்கொண்டிருக்கின்றன. இது நமக்குத் தொலைதூரச் செய்தி இல்லை. சோலையும் புல்லும் பிடித்து வைத்து மெல்ல விடும் தண்ணீர்தான் பவானிக்கு வருகிறது. அதுதான் கோபிச்செட்டிப்பாளையத்து வயலுக்குப் பாய்கிறது. தோட்டத்தை நான் முழு மனதோடு நேசிக்கிறேன். சோலைகளை மீட்கும் வேலையும் அதே மனதோடு நடக்க வேண்டும் என்பேன்.

எப்போது போவது? மே மாதத்தைத் தவிருங்கள். 1896-இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி பெருமைக்குரியதுதான். அதற்காகத் தோட்டத் தொழிலாளர்கள் பனிக்காலத்திலிருந்தே பாடுபடுகிறார்கள். ஆனால் அந்த நெரிசலில் நிலத்தின் வடிவம் கண்ணில் படாது. மாசி, பங்குனி நல்ல காலம். வானம் தெளிந்திருக்கும், காலையில் குளிர் இருக்கும். தொட்டபெட்டாப் பக்கச் சோலை ஓரங்களில் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும். நம் மலைகளில் வளரும் ரோடோடெண்ட்ரான் அது. அதன் இமயமலைச் சொந்தங்களைக் கொண்டுபோய்த்தான் இங்கிலாந்து தன் தோட்டங்களை வசந்தத்தில் சிவக்க வைத்தது. அங்கிருந்து நம் மலைக்குச் செடிகள் வந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். நம் நாட்டிலிருந்து அங்கே போனவையும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வார நாளில் போங்கள். சீசனுக்காகச் சில மாதங்கள் பெரிய புல்வெளியை மூடி வைப்பதுண்டு. மேல் பாதைகளில் நடக்க அது தடையில்லை. சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். மலைக்கு அது தேவை. முடிந்தால் வண்டியை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு மலை ரயிலிலோ அரசுப் பேருந்திலோ ஏறுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்; தண்ணீரைச் சொம்பிலோ எவர்சில்வர் பாட்டிலிலோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குன்னூரில் இறங்கி சிம்ஸ் பூங்காவைப் பாருங்கள். ஊட்டி அடுத்த நாளுக்கு இருக்கட்டும்.