மூன்று வாரம் தாண்டிய கரகரப்பு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1854-இல் மானுவல் கார்சியா என்ற இசை ஆசிரியர், பல் மருத்துவர் பயன்படுத்தும் காம்பு வைத்த சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பி, தம் குரல் நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அடுத்த ஆண்டு அதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியும் அனுப்பினார். இன்று நாங்கள் எண்டோஸ்கோப்பியில் பார்க்கும் காட்சியை அப்படித் தெளிவாகக் கண்டு சொன்னவர் உங்கள் இனத்தைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

'நாண்' என்றதும் வீணைத் தந்தி போல ஒன்று மனத்தில் வரும். உண்மையில் அவை ஈரமான இரண்டு சதை மடிப்புகள். மூச்சு விடும்போது விலகி நிற்கும். பேசும்போது ஒன்றோடொன்று மோதும். பெண்கள் பேசும்போது விநாடிக்குச் சுமார் 200 முறை, ஆண்களுக்கு 100 முதல் 130 முறை. நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் மட்டுமே ஓர் ஆசிரியையின் குரல் ஒலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 1,20,000 மோதல்கள் வரும்.

மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதுபோல, அதிகம் அடிபடும் இடத்தில் இந்த மடிப்பும் தடிக்கிறது. அதைத்தான் குரல் முடிச்சு என்கிறோம். பெரும்பாலும் இரு பக்கமும் நேருக்கு நேராக இருக்கும். நடுவில் முடிச்சு நின்றால் மடிப்புகள் முழுதாகச் சேராது. காற்றுக் கசியும், குரல் கரகரக்கும். மேல் சுரம்தான் முதலில் போகும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் போன ஆண்டு எட்டிய சுரம் இந்த ஆண்டு எட்டவில்லை என்றால் கவனியுங்கள். திங்களன்று தெளிவாக இருந்த குரல் வெள்ளிக்கிழமை அடைத்துப்போவதும் ஓர் அடையாளம்.

முடிச்சுக்குக் கத்தி பெரும்பாலும் தேவைப்படாது. குரல் பயிற்சியிலேயே கரைந்துவிடும். பழைய பழக்கத்தை மாற்றாமல் அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டால் திரும்ப வரும்.

ஆனால் எல்லாக் கரகரப்பும் முடிச்சு ஆகிவிடாது. விளையாட்டு விழாவில் ஒருநாள் உரக்கக் கத்தியதில் சிறு இரத்தக்குழாய் உடைந்து, ஒரு பக்கம் மட்டும் பாலிப் வளரலாம். மடிப்பின் தோலுக்கு அடியில் நீர்க்கட்டி வரலாம். அது பயிற்சியால் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். புளித்த ஏப்பம் உள்ளவர்கள் ஓயாமல் செருமினால் பின்பக்கத்தில் புண் தடித்து வளரும். புகைப்பவர்களுக்கு மடிப்பு முழுவதும் ஊதி, குரல் கனத்துவிடும். புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். காதால் கேட்டு இவற்றை எங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தாக வேண்டும்.

புகைப் பழக்கம் உள்ள தலைமையாசிரியர் ஒருவர், 'வாத்தியார் தொண்டை இப்படித்தான் இருக்கும்' என்று எட்டு மாதம் கழித்து வந்தார். குரல்வளையையே அகற்ற நேர்ந்தது. இப்போது நலமாக இருக்கிறார். கழுத்தில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு பேசுகிறார். குரல் நாணில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்திலேயே கரகரப்பைக் காட்டிவிடும் இயல்புடையது. அப்போதே வந்தால் பெரும்பாலும் குரலோடு சேர்த்துக் காப்பாற்ற முடியும்.

மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை பற்றி எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும். விழுங்கிய எதுவும் குரல் நாணைத் தொடாது, தொட்டால் புரையேறிவிடும்! தொண்டைக்கு இதம் தரும், சாப்பிடுங்கள். அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் கூடாது. குரல் போன நாளில் கிசுகிசுப்பாகப் பேசிச் சமாளிப்பதும் பலருக்கு இறுக்கத்தைத்தான் கூட்டும். பேசாமல் இருந்துவிடுங்கள். வகுப்பை அமைதிப்படுத்தக் கைதட்டலோ மணியோ போதும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசினாலே பாதிச் சத்தம் மிச்சமாகும்.

உங்கள் வகுப்பிலும் பாருங்கள். 'தவளைக் குரல்' என்று கேலி செய்யப்படும் பையனுக்கும் முடிச்சு இருக்கலாம். கத்தி விளையாடும் பிள்ளைகளிடம் இது சாதாரணம். கேலியை நிறுத்துங்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். கரகரப்பு நாளுக்கு நாள் கூடி, மூச்சு இழுக்கும்போது சத்தமும் வந்தால் தாமதிக்கக் கூடாது. வைரஸால் வரும் மரு போன்ற வளர்ச்சி குழந்தைகளின் மூச்சுப் பாதையையே அடைத்துவிடும்.

சளியோ காய்ச்சலோ இல்லாமல், அல்லது அவை தீர்ந்த பிறகும், கரகரப்பு மூன்று வாரம் நீடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வாருங்கள். புகைப்பவர்கள், கழுத்தில் கட்டி உள்ளவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், சளியில் இரத்தம் காண்பவர்கள் அந்த மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, "ஈ... என்று சொல்லுங்கள்" என்போம். சில நிமிட வேலைதான். திரையில் உங்கள் குரல் நாண்களை நீங்களும் பார்க்கலாம்.