நீ என்ன செய்வாய்?

(வடக்கனந்தலில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிற என்னை விளையாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் உடற்கல்வி ஆசிரியர் சிரிக்கிறார். ஐயா, உங்கள் மைதானத்துக்கு நான் வரவில்லை. இது உட்கார்ந்த இடத்தில் வாயால் ஆடுகிற விளையாட்டு.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு பொங்கலுக்கு நண்பர்களோடு வந்திருந்தான். ஐந்து பேர் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, விடிய விடிய ஒரு குகைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் கதை சொல்கிறான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரம். "கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று கேட்கிறான். ஒருத்தன் உடைக்கிறேன் என்கிறான், இன்னொருத்தன் தட்டிப் பார்க்கிறேன் என்கிறான். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுகிறார்கள். வெற்றி தோல்வி கிடையாது. கதை நகர வேண்டும், அவ்வளவுதான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டிலிருந்து வந்த வகை இது. பொம்மைப் படைவீரர்களை வைத்துப் போர் விளையாடியவர்கள், படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வீரனை எடுத்துக்கொண்டால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது.

அன்று இரவு எனக்கு நம் கூத்துதான் ஞாபகம் வந்தது. திரைக்குப் பின்னால் வந்து நிற்கிற வேடக்காரரைக் கட்டியங்காரன், நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பான் அல்லவா? கதை நடத்துபவரின் வேலை பாதிக்குமேல் அதுதான். எங்கள் வகுப்பிலும் அவருக்குக் கட்டியங்காரர் என்றுதான் பெயர். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கூத்தில் துரியோதனன் கடைசியில் படுகளத்தில் விழுந்தே ஆக வேண்டும். அது ஊருக்கே தெரியும். இதில் முடிவு கட்டியங்காரருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. நான் முதலில் சறுக்கியது இங்கேதான்.

அதற்குமுன் பகடையைச் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலர் அதைத்தான் கேட்பீர்கள். வெளிநாட்டு ஆட்டத்தில் 4, 6, 8, 10, 12, 20 முகப் பகடைகள் உண்டு. நமக்கு எதற்கு? நான்கு புளியங்கொட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினோம். வீசினால் இரண்டோ அதற்கு மேலோ வெள்ளை விழ வேண்டும். விழுந்தால் நினைத்தது நடக்கும். ஒரு வெள்ளை என்றால் நடக்கும், ஆனால் எதையாவது இழக்க வேண்டும். ஒன்றுமே விழாவிட்டால் நடக்காது. பாத்திரத்துக்கு அதில் திறமை இருந்தால் ஐந்தாவது கொட்டை. கணக்கு ஆசிரியர் உடனே கரும்பலகைக்குப் போய்விட்டார்: நான்கு கொட்டையில் வெல்லும் வாய்ப்பு 16இல் 11, ஐந்தில் 16இல் 13. பிள்ளைகள் நம்பவில்லை. தேய்த்த கொட்டை இரண்டு பக்கமும் சமமாகவா விழும் என்று கேட்டார்கள். 100 முறை வீசிக் கோடு போட்டுப் பார்த்தார்கள். சமமாக விழவில்லை. அவருக்கு இரண்டு பாடவேளை ஓடியது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தாலும் விழாவிட்டாலும் கதை நகர வேண்டும். "பூட்டு திறக்கவில்லை" என்று சொல்லி நிறுத்தினால் பிள்ளை அசடு வழிய உட்கார்ந்திருக்கும். "பூட்டு திறக்கவில்லை, சத்தம் கேட்டுக் காவல்காரன் விழித்துக்கொண்டான்" என்றால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எதற்கெடுத்தாலும் கொட்டையை வீசச் சொல்லவும் வேண்டாம். மரம் ஏறத் தெரிந்த பிள்ளை மரம் ஏறுகிறேன் என்றால் ஏறட்டுமே.

இப்போது சறுக்கலுக்கு வருகிறேன். முதல் கதையை நான் இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். கோமுகி அணையில் தண்ணீர் வற்றுகிறது; மலைக்குள் ஒரு குகையில் யாரோ ஊற்றை அடைத்துவிட்டார்கள்; பிள்ளைகள் போய்த் திறக்க வேண்டும். குகையை அவ்வளவு அழகாக யோசித்து வைத்திருந்தேன். பிள்ளைகள் குகைக்கு வரவில்லை. பரிசல் எடுத்து அணைக்குள் போய்ப் பார்க்கிறோம் என்றார்கள். பரிசல் ஓட்டை என்றேன். அடைக்கிறோம் என்றார்கள். புயல் வருகிறது என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு பையன், "சார், என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லிடுங்க சார், பண்ணிடறோம்" என்றான்.

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை; உண்மையாகவே உதவுவதற்காகச் சொன்னான். அதே வாக்கியத்தை எத்தனை வருடமாக என் பாட வகுப்பில் கேட்டு வருகிறேன் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் முடிவை எழுதுவதில்லை. இடம், அங்கே இருக்கிற இரண்டு மூன்று ஆட்கள், ஆளுக்கொரு ஆசை, இவ்வளவுதான் என் தயாரிப்பு. அரைப் பக்கம் போதும்.

இரண்டாவது சறுக்கல் அதைவிடப் பெரியது. ஊற்றை அடைத்த கும்பலுக்கு நான் 'மலைக்காட்டுத் திருடர்கள்' என்று பெயர் வைத்திருந்தேன். யோசித்து வைத்த பெயர் அல்ல. பேனாவில் தானாக வந்தது. கீழே விடுதியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். ஜூனிலிருந்து நவம்பர் வரை வருகைப் பதிவுக்குத் தவிர அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவள் முறை வந்தபோது, "நீ என்ன செய்வாய்?" என்றேன். கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன் சார் மலையில இருக்கறவங்கதான் திருடங்களா இருக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. "தெரியவில்லையம்மா, நீயே சொல்லு, அவங்க யாரு?" என்றேன். வீட்டில் கேட்டு வருகிறேன் என்றாள். திங்கட்கிழமை வந்தபோது அவள் பாட்டி சொன்ன ஜாகிர் காலத்துக் கதைகளோடு வந்தாள். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்ததை நான் படித்திருக்கிறேன், நடத்தியதில்லை. பாடப்புத்தகத்தில் வராதது என்று விட்டிருந்தேன். எங்கள் கதையில் ஊற்றை அடைத்தவர்கள் திருடர்கள் அல்ல என்று ஆயிற்று. கூலியில்லாமல் வேலை வாங்கிய ஒருவருக்குத் தண்ணீர் தர மறுத்தவர்கள். சமவெளிப் பிள்ளைகள் நால்வரும் அவளை முன்னே நடக்கவிட்டு மலை ஏறினார்கள். சாமை வயல் எங்கே, எந்தப் பாதையில் கடுக்காய் மரம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் வெறும் கட்டியங்காரனாக இருந்தேன்.

இது என் பேனாவின் தவறு மட்டுமல்ல, இந்த விளையாட்டு வகைக்கே உள்ள பழைய வியாதி. ஒரு கூட்டத்தாரையே பிறவித் தீயவர்களாக எழுதிவிட்டால் கதை நடத்துவது சுலபம். அதை வெளியிடும் நிறுவனமே அத்தகைய சித்தரிப்புகளை மாற்றுவதாக 2020இல் அறிவித்தது. நமக்கு அறிவிப்பு தேவையில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கதை எழுதினால் போதும்.

கடைசியாக ஒரு கூழாங்கல். வட்டத்தின் நடுவில் அதை வைத்துவிடுங்கள். கதையில் எது பிடிக்காவிட்டாலும் யாரும் அதைக் கையில் எடுக்கலாம். எடுத்ததும் காட்சியை மாற்றிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, பிறகு தனியாகக் கூப்பிட்டும் கேட்கக் கூடாது. இந்த வழக்கத்தையும் அக்கா மகன்தான் சொன்னான். நான் அதை ஒப்புக்காக வைத்தேன். ஒருநாள் கதையில் ஒரு மந்திரவாதி ஒரு குடுவையை நீட்டி, குடி என்றான். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பையன் கல்லை எடுத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததை இந்த அறையில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மந்திரவாதி போய்விட்டார், மழை வந்தது, எல்லோரும் ஒரு மண்டபத்தில் ஒதுங்கினார்கள்.

சரி, பேசியது போதும். ஐந்தைந்து பேராக வட்டமாக உட்காருங்கள். இந்தப் பையில் கொட்டை இருக்கிறது, தேய்த்துத்தான் வைத்திருக்கிறேன். உடற்கல்வி ஐயா, நீங்கள் என் வட்டத்துக்கு வாருங்கள். கோமுகி அணைக்கரை, இரவு. மதகுப் பக்கம் ஒரு விளக்கு அசைகிறது. என்ன செய்கிறீர்கள்?