மோட்டார் வண்டியும் போட்டிச் சட்டமும்

போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றிருக்கும் இந்நகரில், மத்திய அரசாங்க மொழிபெயர்ப்பாளராக நாம் பணியாற்றி வருகிறோம். ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வருவது அண்டையிலுள்ள தமிழன்பர்களின் வழக்கம். சென்ற ஆண்டு அவ்விதம் வந்தவர், வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர். அவர் கையில் இருந்தது, காரோடு கொடுத்த உத்தரவாதப் புத்தகம்.

வடக்கே மாயாபந்தருக்குச் சவாரி சென்றபோது அவருடைய காரின் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. ஜாரவா காட்டுப் பகுதியை வரிசை வண்டிகளோடு, குறித்த வேளையில்தான் கடக்கலாம். அத்தகைய சாலையில் தேய்ந்த பிரேக்கோடு திரும்புவது ஆபத்து. ஆகவே அங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் மாற்றிக்கொண்டார். சில வாரங்களில் ஏ.ஸி. பழுதாயிற்று. உத்தரவாதக் காலமோ முடியவில்லை. எனினும், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில், "வெளியாள் கை வைத்த வண்டி, இனி உத்தரவாதம் செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள்.

"ஐயா, பிரேக் பேட் மாற்றியதற்கும் ஏ.ஸி.க்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் நண்பர். நியாயமான கேள்வி. இதே கேள்வியை நம் நாட்டுச் சட்டமும் கேட்டிருக்கிறது.

2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் கீழ் அமைந்தது இந்தியப் போட்டி ஆணையம். குடிமகன் ஒருவர் 2011-இல் கொடுத்த புகாரை விசாரித்த ஆணையம், 2014 ஆகஸ்டு 25-ஆம் தேதி, 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் தனிப் பட்டறைக்காரர்களுக்குக் கிடைக்காமல் செய்தது தவறு என்பது ஆணையத்தின் முடிவு. அனுபவமற்ற கைகளால் விபத்து நேரும் என்று கம்பெனிகள் வாதாடின. பாதுகாப்புக்குத் தக்க ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம் என்று ஆணையமும் ஒப்புக்கொண்டது. ஆனால் வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்தால் உத்தரவாதம் முழுவதையும் நீக்கலாகாது. அந்த வேலையின் குறையால் எந்தச் சேதம் விளைந்ததோ, அந்த அளவுக்கே மறுக்கலாம் என்று கட்டளையிட்டது. மூன்று கம்பெனிகளின் மேல்முறையீட்டில், 2016 டிசம்பரில், தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. தவறு உண்டு என்ற முடிவை மாற்றவில்லை.

ஐரோப்பாவிலும் இவ்வழக்கு பழையதே. கார் விற்பவரே பழுதும் பார்க்கவேண்டும் என்றிருந்த கட்டினை 2002-ஆம் ஆண்டு விதி தளர்த்தியது. 2010-ஆம் ஆண்டு விதி, புதிய கார் விற்பனையைப் பொது விதிகளின் பொறுப்பில் விட்டு, பழுதுபார்ப்பிலும் உதிரிப்பாகங்களிலுமே தனிக் கவனம் வைத்தது. அது 2028 மே வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. கார் வாங்குமுன் பத்துக் கடை ஏறி இறங்கி விலை பேசலாம். வாங்கிய பின்னரோ, அதற்குப் பொருந்தும் பாகத்துக்காக ஒரே வாசலில் நிற்க நேர்கிறது.

பெருநகரத்தில் ஒரு வாசல் அடைத்தால் வேறு வாசலாவது உண்டு. நம் தீவுகளிலோ, கடல் கடந்து பாகம் வந்து சேரும்வரை வண்டி நிற்கும். ஓட்டுநரின் அடுப்பும் அணைந்திருக்கும்.

உத்தரவாதத்தை ஏன் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் தரும்படி நண்பருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து ஏ.ஸி. இலவசமாகவே பழுது பார்க்கப்பட்டது. ஆயினும் சுற்றுலாக் காலத்தில் போன மூன்று வார வருமானம் திரும்பவில்லை. முதல் நாளே எழுத்தில் கேட்டிருந்தால் அதிலே பாதியாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே, எங்கு பழுது பார்த்தாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்றிய பாகத்தின் பெயரை அதில் எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் செவி சாய்க்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கலாம்; அதன் பயன் தமிழில் கேட்பவருக்கும் உரியதே.