காலுக்கும் ஒரு கணக்கு நோட்டு

(வட்டாரக் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆச்சு. அஞ்சு வருஷமா ரெண்டு பாதமும் மரத்துப் போகும். ராத்திரியில் எரியும். போன வருஷம் சம்பா நடவில் தாங்க முடியவில்லை. அப்போது ஒருவர், "நரம்புக்கு நல்லதும்மா" என்று சத்து மாத்திரை கொண்டுவந்தார். டப்பா 1,800 ரூபாய். உள்கடன் வாங்கி மூணு டப்பா சாப்பிட்டேன். எரிச்சல் குறைந்தது. குழுவில் நாலு பேரை நானே வாங்க வைத்தேன்.

தை அறுவடையில் காலில் கருவேல முள் ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. ரெண்டு நாள் கழித்து பேத்திதான் பார்த்தாள். அதற்குள் சீழ் வைத்துவிட்டது.

அரசு மருத்துவமனை டாக்டரம்மா சொன்னார்: "எரிச்சல் குறைஞ்சா குணமாச்சுன்னு அர்த்தமில்லைம்மா. உணர்ச்சி செத்தாலும் எரிச்சல் குறையும்." யோசித்துப் பார்த்தேன். அந்தச் சமயத்தில்தான் நடவும் முடிந்தது, சர்க்கரை மாத்திரையையும் விடாமல் போட ஆரம்பித்தேன். இதில் எது கேட்டது என்று எப்படிச் சொல்வது? வலி தானாகவே ஏறும், இறங்கும். ஏறும்போது மருந்து வாங்குகிறோம், இறங்கினால் மருந்துக்குப் பேர்!

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எனக்கு பி12 குறைவு. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாமாம். அதற்காக அதை நாமே நிறுத்தக்கூடாது. பி12 குறைந்தாலும் கால் மரக்கும். குறைவு உள்ளவர்களுக்கு அந்தச் சத்து உதவும். ஆனால் பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். டப்பாவைக் காட்டிக் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது:

1. முதலில் காரணம் தெரியணும். சர்க்கரையா, பி12 குறைவா, குடியா? உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்கணும். அதற்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.

2. சத்து மாத்திரை தொடங்கும் முன்பே நோட்டில் எழுதணும். எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்? ராத்திரி எத்தனை தடவை எழுந்தோம்? வாரம் ஒருநாள் எழுதினால் போதும்.

3. புதுசா ஒன்றை மட்டும் மாற்றணும். மூணு மாசத்தில் நோட்டில் வித்தியாசம் இல்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்திடலாம்.

4. கண்ணை மூடிக்கொண்டு படுங்க. ரெண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஒருவர் லேசாகத் தொடட்டும். ஆறில் ரெண்டு தெரியவில்லை என்றாலே டாக்டரிடம் போங்க.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருபவர்கள் நம்ம குழுப் பெண்கள்தான். அவர்களிடமும் கேளுங்கள்.

பி12 ஊசி போட்டபின் என் நோட்டில் எட்டாக இருந்த எரிச்சல் அஞ்சானது. மரப்பு அப்படியேதான் இருக்கிறது. அதனால் தினமும் பாதத்தைப் பார்க்கிறேன். வரப்பில் செருப்பில்லாமல் நடப்பதில்லை. அந்த நாலு பேர் வீட்டுக்கும் போய், "நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குழுப் பணத்துக்கு வரவு செலவு எழுதுகிறோம். நம்ம காலுக்கும் எழுதுவோம்.