வாயிலில் நின்ற தாய்மொழி

(தனித்தமிழ்க் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



முனைவர் பட்டம் பெறப் புகும் மாணவர் எவரும் அதனை ஒரே தாவில் எட்டிவிடுவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலில் ஈராண்டு மூவாண்டு பாடங் கேட்டல் வேண்டும். பின்னர்த் தம் துறையில் எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ இரண்டுமோ எழுந்து நிற்கும். அதன்மேல், ஆயப்போகும் பொருளை வரைந்து ஆசிரியர் குழுவின்முன் வைத்து, அவர்தம் வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். இவற்றைக் கடந்த பின்னரே அவர் வெறும் மாணவர் என்னும் நிலையினின்று பட்டத்தகுதியர் என்னும் நிலைக்கு உயர்கிறார். (இந்நிலையினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தேர்தலில் நிற்பவரையும் குறிக்கும். பழைய உரோமையில் ஆட்சிப் பொறுப்பு வேண்டி நின்றோர் உடுத்த வெள்ளாடையினின்று பிறந்த சொல் அது. அதற்காகத் தமிழிலும் இருவரையும் 'வேட்பாளர்' என்று ஒன்றாக்கிக் குழப்ப வேண்டியதில்லை.) இந்தியாவிலும் பல்கலைக்கழக நல்கைக் குழு 2009-இல் வகுத்த நெறிமுறைகளுக்குப் பின், ஆய்வு மாணவர் முன்பாடங் கற்றுத் தேர்தல் கட்டாயமாயிற்று.

வாயில் இருப்பது தவறன்று. ஆழக் கல்லாதார் ஆய்வுக்குட் புகுந்தால் ஏடு பெருகுமேயன்றி அறிவு பெருகாது. ஆயின், அவ்வாயிலில் நிற்கும் காவலன் எம்மொழியில் வினவுகிறான்? எம்மொழியில் விடை சொன்னால் கதவு திறக்கும்? இவ்வினாவிற்கு உலக வரலாற்றில் ஒரு பழைய வழக்கு உண்டு. அது நிகழ்ந்தது தென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோப்பனேகனில்; ஆண்டு 1841.

அந்நாளில் அங்கே மேற்பட்டம் வேண்டுவோர் ஆய்வேட்டை இலத்தீனிலேயே எழுதல் வேண்டும். அவையில் நின்று வழக்காடுவதும் இலத்தீனிலேயே. வீட்டில் தேனிய மொழி, தெருவில் தேனிய மொழி, கோவிலிலும் தேனிய மொழி. பல்கலைக்கழகத்துப் பட்டத்திற்கு மட்டும் இலத்தீன்! சோரன் கீர்க்ககார்டு என்னும் இளைஞர், பிற்காலத்தில் உலகம் போற்றும் மெய்யியலாளர் ஆனவர், அப்போது இருபத்தெட்டு அகவையினர். சாக்ரடீசை நடுவாக வைத்து நகைமுரண் என்னும் கருத்தை ஆய்ந்து ஏடு எழுதியிருந்தார், எழுதியது தாய்மொழியில். அவ்வேட்டைப் பட்டத்திற்கு ஏற்குமாறு அவர் யாரிடம் கேட்க வேண்டியிருந்தது தெரியுமா? பேராசிரியரிடமன்று, துறைத்தலைவரிடமன்று, நாட்டை ஆண்ட மன்னர் எட்டாம் கிறித்தியானிடம்! தன் நாட்டு மொழியில் தன் நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு எழுத, தன் நாட்டு மன்னனின் தனியாணை.

அவர் காட்டிய கரணியம் எண்ணத்தக்கது. ஆய்பொருளின் ஒரு பகுதி புதுக்காலத்து எழுத்தாளரைப் பற்றியது. அவர்களின் கருத்தை, அவர்கள் பிறப்பதற்குப் பன்னூற்றாண்டுகட்கு முன்பே வழக்கிறந்த மொழியில் திரிபின்றிச் சொல்ல இயலாது என்பதே அது. அவருக்குமுன் ஒருவரிருவர் இத்தகைய இசைவு பெற்றிருந்ததையும் எடுத்துக்காட்டினார். இன்னொன்றும் செய்தார். தாம் பள்ளியில் இலத்தீன் கற்பித்தவர் என்பதைச் சொல்லி, அதற்குத் தலைமையாசிரியரின் சான்றையும் உடன் வைத்தார். இலத்தீனில் எழுதாமலிருக்க, இலத்தீன் நன்கறிந்தவன் என்று மெய்ப்பிக்க வேண்டும்! இந்த நகைமுரணையும் அவர் தம் ஏட்டில் சேர்த்திருக்கலாம்.

மன்னர் இசைந்தார். ஆனால் அது அரைக்கதவு திறந்தது போன்ற இசைவே. ஏட்டோடு பதினைந்து கருத்துரைகளை இலத்தீனில் அச்சிட்டுச் சேர்க்க வேண்டும். அவையிற் சொற்போரும் இலத்தீனிலேயே நிகழும். 1841 செபுத்தம்பர் 29 அன்று காலையில் தொடங்கி, நண்பகலுக்குப் பின் சற்றே ஓய்ந்து, மீண்டும் மாலை வரை, ஏழு மணி நேரத்திற்கு மேல் அவர் எழுந்த தடைகளுக்கெல்லாம் இலத்தீனில் விடையிறுத்தார். பட்டம் கிடைத்தது. அப்பட்டத்தின் பெயர் அன்று வேறு. 1854-இல்தான் அது முனைவர் பட்டத்திற்கு இணையாக்கப்பட்டது.

அவ்வாண்டு அப்பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஓர்சுடெடு. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் கண்டறிந்த அதே அறிவியலாளர். கீர்க்ககார்டின் ஏடு அவருக்குப் பிடிக்கவில்லை. சொற்பெருக்கும் பகட்டும் மிக்கதென்று முகஞ்சுளித்தார், ஆயினும் தடுக்கவில்லை. தமிழர் உற்று நோக்க வேண்டியவர் இவரே. ஏனெனில், 1814-ஆம் ஆண்டிலேயே உயிரகத்திற்கு 'இல்ட்டு' என்றும், நீரகத்திற்கு 'பிரின்ட்டு' என்றும் தாய்மொழிச் சொல் படைத்தவர் இவர். முன்னது தேனிய மொழியில் தீயைக் குறிக்கும் சொல்லினின்றும், பின்னது எரிதலைக் குறிக்கும் சொல்லினின்றும் கிளைத்தவை. இவ்விரண்டும் இன்றும் அந்நாட்டு மக்கள் நாவில் வழங்குகின்றன. அக்காலத்தில் தேனிய நாட்டு மக்கள்தொகை மிகச் சிறிதே! அத்துணைச் சிறு மக்களினத்திற்குத் தனியே அறிவியற் சொல் வேண்டுமா என்று அவர் கேட்டு நிற்கவில்லை.

அதே ஓர்சுடெடு தம் மின்காந்தக் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தது இலத்தீன் மொழியில் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிறநாட்டு அறிஞர்க்கு அறிவிக்கப் பிறமொழி. தன் மக்களுக்கு அறிவு வளர்க்கத் தன்மொழி. இரண்டும் ஒருவரிடமே இருந்தன. ஆங்கிலமே கூடாது என்று தனித்தமிழர் சொல்வதாகப் பழி தூற்றுவோர் இந்த ஒருவரையேனும் எண்ணிப் பார்க்கட்டும். செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட்டும் 1770-இல் பேராசிரியப் பொறுப்பேற்கும்போது இலத்தீனில் ஏடு அளித்தவரே. அவர் பெயரை நிலைநாட்டிய பெருநூல் 1781-இல் செருமன் மொழியில் வந்தது.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றவர் மு. வரதராசனார், ஆண்டு 1948. ஆய்பொருள் கழக இலக்கியத்தில் இயற்கை. ஏட்டின் மொழி ஆங்கிலம்! குறிஞ்சியையும் முல்லையையும் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் தமிழ்ப் பட்டத்திற்கு ஆங்கிலத்தில் எழுதினார். அப்பெருந்தகையிடம் குறையில்லை. புதினமும் கட்டுரையும் மொழிநூலும் நல்ல தமிழில் எழுதிக் குவித்தவர் அவர். குறை வாயிலில் இருந்தது. மன்னனுக்கு முறையிட்டேனும் தாய்மொழியில் எழுதலாம் என்ற நிலை தென்மார்க்கில் வந்து நூறாண்டு கழிந்திருந்தது.

இன்று தமிழ்த்துறைகளில் ஏடுகள் தமிழில் வருகின்றன. அது போராடிப் பெற்ற பேறு. இயற்பியலுக்கோ உயிரியலுக்கோ பொறியியலுக்கோ தகுதித்தேர்வு எழுதும் மாணவர்க்கு அவ்வாயில் இன்னும் ஆங்கிலக் கதவே. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்று, தன் துறையைத் தெளிவுறக் கற்ற பெண் ஒருத்தி, குழுவின்முன் நின்று ஆங்கிலச் சொல்லுக்குத் தடுமாறினால், அத்தடுமாற்றம் அறிவுக்குறையாகவே எழுதப்படுகிறது. தேர்வு நோக்க வேண்டியது துறையறிவையா, நாப்பழக்கத்தையா?

வென்றவர்களும் விழிப்பாயிராவிடில் இழப்பர். இன்றைய தென்மார்க்கிலேயே அறிவியல் முனைவர் ஏடுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு துறையாகத் தாய்மொழி நழுவிப்போவதைக் 'களவிழப்பு' என்று பொருள்படும் சொல்லால் குறித்து அந்நாட்டார் வருந்தி வழக்காடுகின்றனர். ஓர்சுடெடு படைத்த சொற்கள் வீட்டிலும் பள்ளியிலும் வாழ, ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம் அமர்கிறது.

ஆகவே இவ்வவை பல்கலைக்கழகங்களைக் கேட்க வேண்டியவை மிகப் பெரியன அல்ல. எத்துறையாயினும் தகுதிநிலை வாய்மொழித் தேர்வில், மாணவர் விரும்பின் தமிழில் விடையிறுக்கலாம் என்று விதியில் ஒருவரி எழுதுக. குழுவில் தமிழில் வினவத் தெரிந்த துறையறிஞர் இருவரேனும் இருக்கட்டும். தமிழில் எழுதிய ஏட்டிற்கு ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் வேண்டுமாயின் வாங்கிக்கொள்க. கீர்க்ககார்டும் பதினைந்து கருத்துரைகளை இலத்தீனில் அளித்தவரே. இங்கு வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் இதுவரை தமிழ்ச்சொல் அமையாத கலைச்சொற்களைத் தொகுத்து, அடுத்த திங்கட் கூட்டத்திற்குக் கொண்டுவருக. சொல் இல்லை என்று குழு சொல்லுமுன் சொல் நம் கையில் இருத்தல் வேண்டும்.