மூணாறும் தொண்ணூற்றொன்பது வெள்ளமும்

(திருவனந்தபுரத்தில் அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எந்தப் பழைய விஷயத்தைப் பேசினாலும் என் பாட்டி, "அது தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்பாள். கொல்லம் 1099 கர்க்கடக மாதம், அதாவது 1924 ஜூலை. அந்த வெள்ளத்தில் பெரிதும் அடிபட்ட ஊர்களில் ஒன்று மூணாறு. மலைமேல் வெள்ளமா என்று சிறு வயதில் எனக்கு ஆச்சரியம். பி.எஸ்ஸி. படித்தபோதுதான் விடை புரிந்தது.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுவதால் மூணாறு என்று பெயர். ஊரின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அருகிலுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. மலைக்கு மறுபுறம், சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள மறையூரில் மழை குறைவு. அங்கே சந்தன மரம் வளர்கிறது. மூணாற்றிலோ சுற்றுச் சரிவுகளின் தண்ணீரெல்லாம் ஊர் நடுவில் வந்து சேருகிறது.

1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு காடு போய்த் தேயிலை வந்தது. வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறிய ரயில் ஓடியது. அங்கிருந்து ரோப்வே மூலம் தேயிலை, போடி அருகே கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. அது மறுபடி போடப்படவே இல்லை. ஆலுவாயிலிருந்து வந்த பழைய ரோடும் போயிற்று. அதே ஆற்றுத் தண்ணீர்தான் 1940 முதல் பள்ளிவாசலில் மின்சாரமும் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2018 ஆகஸ்டில் மறுபடி வெள்ளம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள்.

2018ல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030ல் பூக்க வேண்டும். பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு பலர் போவீர்கள். அது பூப்பது மழைக்காலத்தில். சரிவை வெட்டிக் கட்டிய விடுதியும் ஆற்றங்கரை விடுதியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மழை எச்சரிக்கை இருந்தால் பிரயாணத்தைத் தள்ளிப் போடுங்கள். குழந்தைகளுக்குப் பூவைக் காட்டும்போது, பெட்டிமுடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பாட்டி கேட்ட கேள்வியை நாம் மறந்துவிடக் கூடாது.